மோர் உப்பும் வத்திராயிருப்புக் கிருஷ்ணனும்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பி, "அண்ணாச்சி, வரலாறா எழுதுங்க. கெமிஸ்ட்ரி வேண்டாம், பக்கத்தைப் புரட்டிட்டுப் போயிருவாங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டையும் கலந்து தருகிறேன். பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு, பிறகு அதையே முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த ஒருவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? தமிழ், வணிகவியல் படித்த நண்பர்கள் பயப்பட வேண்டாம். எண்கள் கொஞ்சம்தான் வரும்.

ஆய்வுக்கூடத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் மோர் உப்பு ஞாபகம் இருக்கும். வெளிர் பச்சைப் படிகம். கார்ல் ஃபிரெடரிக் மோர் என்ற ஜெர்மன் மருந்தாளுநர் பெயரில் வந்தது. அவர் 1806-ல் பிறந்து 1879-ல் மறைந்தார். முதல் நாள் வகுப்பில் யாராவது ஒருவன் "சார், இதைக் குடிக்கிற மோருக்குப் போடலாமா?" என்று கேட்பான். "ஏல, மோர்னா அந்த மோர் இல்லல, அது ஒரு மனுசன் பேரு" என்று பேராசிரியரும் வருஷம் தவறாமல் அதே பதிலைச் சொல்வார். வருஷா வருஷம் வகுப்பும் சிரிக்கும்.

அந்த உப்பைக் கரைத்து, நீர்த்த கந்தக அமிலம் ஊற்றி, பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். விழுகிற ஊதா விழுந்த இடத்திலேயே மறையும். ஒரு சொட்டு மட்டும் மறையாமல் இளஞ்சிவப்பாக நின்றுவிட்டால் தரம்பார்த்தல் முடிந்தது. அளவைக் குறித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவோம். குடுவைக்குள் நடந்தது என்ன? இரும்பு +2 நிலையிலிருந்து +3-க்குப் போனது. மாங்கனீஸ் +7-இலிருந்து +2-க்கு இறங்கியது. ஒரு பர்மாங்கனேட்டுக்கு ஐந்து இரும்பு. இவ்வளவும் நோட்டில் எழுதியிருப்போம். நோட்டில் எழுதாத ஒரு அழகு உண்டு. முடிவுநிலையில் அந்தக் குடுவைக்குள் இருக்கிற இரும்பு அயனியிலும் சரி, மாங்கனீஸ் அயனியிலும் சரி, 3டி கூட்டில் இருப்பது ஐந்தே ஐந்து எலக்ட்ரான். ஒன்று ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கியது, மற்றொன்று சுழியத்திலிருந்து ஐந்துக்கு ஏறியது. இரண்டு பேரும் ஒரே படியில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்த ஐந்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இரும்பின் அணு எண் 26. ஆர்கான் வரையிலான 18 எலக்ட்ரான்கள் போக மீதி எட்டு. அதில் ஆறு 3டி-யில், இரண்டு 4எஸ்-இல். ஃபெரஸ் அயனியில் இரண்டு எலக்ட்ரான் போய்விட்டது என்றால் எந்த இரண்டு? இந்தக் கேள்விக்கு இன்றைக்கும் பாதி வகுப்பு 3டி-யிலிருந்து இரண்டைக் கழித்துவிடும். 4எஸ் முன்னால் நிரம்பியது, 3டி பின்னால் நிரம்பியது, பின்னால் வந்தவன்தானே முன்னால் போக வேண்டும் என்ற கணக்கு. அணு அந்தக் கணக்குப்படி நடப்பதில்லை. இடைநிலைத் தனிமங்களில் அணுக்கருவின் மின்சுமை கூடக்கூட 3டி உள்ளே சுருங்கி ஆழத்தில் போய்விடுகிறது. 4எஸ் வெளிப்புறம் நிற்கிறது. அயனியாகும்போது வெளியே நிற்பவர் முதலில் போகிறார். ஆக, ஃபெரஸ் என்றால் 3டி-யில் ஆறு, 4எஸ் காலி. இன்னும் ஒன்று போனால் ஃபெர்ரிக், 3டி-யில் ஐந்து. ஐந்து அறைக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஒரு அறை, சண்டை இல்லை. இந்தப் பாதி நிரம்பிய அமைப்புக்கு ஒரு தனி உறுதி உண்டு. அதனால்தான் ஃபெரஸ் சும்மா வைத்தாலும் காற்றுப் பட்டு ஃபெர்ரிக் ஆகப் பார்க்கிறது.

இந்த ஓட்டத்தை நம் பொருநைக்கரை மக்கள் எலக்ட்ரான் என்ற பெயர் தெரியாமலே நன்றாக அறிந்திருந்தார்கள். நாட்டு மருந்துக் கடையில் "அன்னபேதி ஒரு பலம்" என்று கேட்டால் பச்சையாக ஒரு படிகம் தருவார்களே, அது ஃபெரஸ் சல்பேட். நாள்பட்டால் மேலே பழுப்பு பூக்கும். அது +3. (மோர் உப்பு அவ்வளவு சீக்கிரம் பூக்காது. ஆய்வுக்கூடத்தில் அன்னபேதியை விட்டுவிட்டு மோர் உப்பை வைத்திருப்பது அதற்காகத்தான்.) அன்னபேதியை நெருப்பில் இட்டால் முதலில் நீர் போய் வெளுக்கும். மேலும் சூடு ஏற ஏறக் கந்தக வாயுக்கள் வெளியேறி, செக்கச் சிவந்த ஃபெர்ரிக் ஆக்சைடு மிஞ்சும். சித்த மருத்துவத்தில் சோகைக்குத் தருகிற அன்னபேதிச் செந்தூரத்தின் சிவப்பு அந்த வகைதான். பாளையங்கோட்டையில் 1964-ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த மை இன்னொன்று. எழுதும்போது வெளிறித் தெரியும், காயக்காயக் கறுக்கும். கறுப்பது வேறொன்றுமில்லை, தாளின் மேல் காற்றுப் பட்டு ஃபெரஸ் ஃபெர்ரிக்காகி, கடுக்காயின் டானினைப் பிடித்துக்கொள்வதுதான். பழைய ப்ளூ-ப்ளாக் மையும் இதே குடும்பம். நீலச் சாயம் எழுதும்போது கண்ணுக்குத் தெரிவதற்கு, இரும்பு பின்னால் நிலைத்து நிற்பதற்கு. இந்த மைக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. அதில் பிறக்கிற அமிலமும், மிச்சமிருக்கிற ஃபெரஸும் சேர்ந்து நாளடைவில் தாளையே அரிக்கும். வீட்டில் தாத்தா காலத்துப் பத்திரம் இருந்தால் விரித்துப் பாருங்கள். எழுத்து பழுப்பாகி, சில இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே தாளில் ஓட்டை விழுந்திருக்கும். ஓலைச்சுவடிக்குப் பூசிய கரிக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்படிப்பட்ட பத்திரத்தை லேமினேஷன் செய்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். ஈரம் படாமல், அமிலமில்லாத உறையில் வைத்தால் போதும்.

ஆதிச்சநல்லூரைச் சொல்லாமல் இரும்பைப் பற்றி நெல்லையில் யாரும் பேச முடியாது. (1986-க்குப் பிறகு அது தூத்துக்குடி மாவட்டம். ஆனாலும் ஆறு ஒன்றுதானே!) 1876-ல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி எடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-லிருந்து அலெக்ஸாண்டர் ரீ முறையாகத் தோண்டினார். 1915-ல் அவருடைய பொருட்பட்டியல் அச்சானது. தாழிகளோடு கிடைத்த இரும்பு ஆயுதங்கள் முனை கீழ்நோக்கி இருந்ததை அவர் கவனித்து, துக்கத்துக்கு வந்தவர்கள் குத்தி நிறுத்தியதுபோல் இருக்கிறது என்று எழுதினார். அந்த ஆயுதங்களின் மேலெல்லாம் துரு. உலையில் கரியின் துணையோடு +3-இலிருந்து சுழியத்துக்கு இழுத்து வரப்பட்ட இரும்பு, மண்ணுக்குள் போனதும் நடந்த வழியே திரும்பி +3-க்குப் போய்விட்டது. அங்கே கிடைக்கிற கருப்பு-சிவப்புப் பானையிலும் இதே கதைதான். சூளையில் காற்றுப் பட்ட வெளிப்புறத்தில் களிமண்ணின் இரும்பு ஃபெர்ரிக்காகிச் சிவந்தது. காற்றுப் போகாத உட்புறத்தில் கரி படிந்து, இரும்பும் ஒடுங்கி, கறுத்தது.

சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. பெருமைதான். மாணவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். துருவுக்குத் தேதி கிடையாது. ஆயிரம் வருஷத் துருவும் ஐயாயிரம் வருஷத் துருவும் வேதியியலுக்கு ஒரே ஃபெர்ரிக்தான். காலம் சொல்வது கூடக் கிடைத்த கரித்துண்டும் பானையோடும். அந்தக் கரியும் அந்த இரும்பும் ஒரே நாளில் உள்ளே போனவையா என்பதுதான் அறிஞர்கள் வாதாட வேண்டிய இடம். வாதாடுகிறவர்களை ஊர்த்துரோகி என்று ஏசுவது நமக்கு அழகில்லை.

போகட்டும். ஃபெர்ரிக்கில் ஐந்து என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறோமே, எண்ணிப் பார்த்தது யார்?

காந்தம்தான் எண்ணிக் கொடுத்தது. இணை சேராத எலக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். உப்பைக் காந்தப்புலத்தில் வைத்து எவ்வளவு இழுபடுகிறது என்று நிறுத்தால் தனித்த எலக்ட்ரான் எத்தனை என்று கணக்கிடலாம். நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த வாய்பாடு இருக்கிறதே, என் பெருக்கல் என் கூட்டல் இரண்டின் வர்க்கமூலம், அதன் கருத்தை 1927-ல் முன்வைத்தவர் கல்கத்தாவின் தேவேந்திர மோகன் போஸ். இரும்பு வரிசை அயனிகளில் எலக்ட்ரானின் சுற்றுப்பாதை காந்தம் ஏறக்குறைய அடங்கிப்போய், சுழற்சி மட்டுமே கணக்கில் வருகிறது என்றார். பிறகு இங்கிலாந்தின் ஸ்டோனரும் அதை விரித்தார். போஸ்-ஸ்டோனர் என்றே அது வழங்கியது. இப்போதைய பாடநூல்கள் பலவற்றில் வாய்பாடு இருக்கிறது, போஸ் இல்லை. (இவர் ஜகதீச சந்திர போஸின் மருமகன். புள்ளியியல் புகழ் சத்யேந்திரநாத் போஸ் வேறு.)

இதில் ஒரு வேடிக்கை. ஃபெரஸில் 3டி-யிலிருந்து இரண்டைத் தப்பாகக் கழித்தாலும் மிச்சம் நான்கு, நான்கும் தனித்தவை. சரியாக ஆறு என்று எழுதினாலும், ஒரு அறையில் இருவர் ஜோடி சேர, தனித்து நிற்பது அதே நான்கு. இரண்டுக்கும் வாய்பாடு 4.90 போர் மேக்னட்டான் என்றே சொல்லும். ஃபெரஸ் தப்பைக் காட்டிக்கொடுக்காது. ஃபெர்ரிக்தான் பிடித்துக்கொடுக்கும். தப்புக் கணக்கில் தனித்தவை மூன்று, 3.87 வர வேண்டும். சரிக்கணக்கில் ஐந்து, 5.92. ஃபெர்ரிக் ஆலத்தை நிறுத்துப் பார்த்தால் 5.9-ஐ ஒட்டி வருகிறது. வழக்கு முடிந்தது.

இங்கேதான் நம்மூர்க்காரர் வருகிறார். கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன், சுருக்கமாக கே.எஸ். கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். இன்று அது விருதுநகர் மாவட்டம். ராமநாதபுரம் மாவட்டம் 1910-ல் பிரிக்கப்படும் வரை திருவில்லிபுத்தூர் வட்டாரம் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. ஆகவே நாம் உரிமை கொண்டாடலாம். திருவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்துவக் கல்லூரி. அங்கேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக வேலை பார்த்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் நடத்திய பேச்சுகளைக் கேட்க வேறு கல்லூரிகளிலிருந்தும் பையன்கள் வந்து உட்காருவார்களாம். 1923-ல் கல்கத்தாவில் ராமனிடம் போய்ச் சேர்ந்தார். 1928 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் புது ஒளிச்சிதறலை அறிவித்த குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தன. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு.

நம்மில் பெரும்பாலோர் கிருஷ்ணனை இந்த இடத்தோடு விட்டுவிடுகிறோம். பிப்ரவரி 28 வந்தால் மேடையில் "ராமனுக்குத் துணை நின்ற தமிழர்" என்று ஒரு வரி. பரிசில் பங்கு உண்டா இல்லையா என்று ஒரு பட்டிமன்றம். எனக்கு அந்தப் பட்டிமன்றத்தில் ருசி இல்லை. அதற்கப்புறம் அவர் தனியாகச் செய்த வேலையை யாரும் பேசுவதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

1928 டிசம்பரில் டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடராகப் போனார். சத்யேந்திரநாத் போஸ் அங்கேதான் இருந்தார். பணம் அதிகம் தேவைப்படாத ஒரு வேலையைக் கிருஷ்ணன் தேர்ந்தெடுத்தார். தூள் உப்பை நிறுப்பதற்குப் பதில் ஒற்றைப் படிகத்தை எடுத்துக்கொண்டார். தூளில் எல்லாத் திசையும் கலந்து சராசரிதான் கிடைக்கும். படிகத்திலோ கிழமேற்கும் தென்வடலும் வேறு வேறாக இருக்கலாமே?

அவர் செய்த ஏற்பாடு சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஊஞ்சலில் உட்கார்ந்து கயிற்றை முறுக்கியிருக்கிறீர்களா? மயிரிழையான குவார்ட்ஸ் நாரில் படிகத்தைக் கட்டிக் காந்த முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். எந்தத் திசையில் காந்தத்தன்மை அதிகமோ அந்தத் திசை புலத்தோடு சேர்ந்து நிற்கும். இப்போது நாரின் மேல்முனையை மெல்லத் திருக வேண்டும். படிகம் காந்தத்துக்குக் கட்டுப்பட்டுக் கொஞ்சம்தான் அசையும். நாரில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். ஒரு குறிப்பிட்ட கோணம் வந்ததும் காந்தம் பிடியை விட்டுவிடும், படிகம் 'விர்'ரென்று சுழலும். அந்தக் கோணத்தைக் குறித்துக்கொண்டால், இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் கணக்கில் வந்துவிடும். ஒரு நார், ஒரு படிகம், ஒரு கோணமானி. காந்தம் மட்டும் கொஞ்சம் பெரிசு.

1933-லிருந்து லண்டன் ராயல் சொசைட்டியின் 'ஃபிலசாஃபிகல் டிரான்ஸாக்ஷன்ஸ்' இதழில் இவை வரிசையாக வெளிவந்தன. குஹா, பானர்ஜி, சக்ரவர்த்தி, முகர்ஜி, போஸ் என்று வெவ்வேறு கட்டுரைகளில் உடன் உழைத்தவர்கள் பெயரும் சேர்ந்து வந்தது. முதலில் நாஃப்தலீன் போன்ற கரிமப் படிகங்கள், பிறகு இடைநிலை உலோக உப்புகள். கோபால்ட், நிக்கல், காப்பர், இரும்பு, மாங்கனீஸ் என்று நாம் சால்ட் அனாலிசிஸில் பார்த்த அதே கூட்டம். அதே 1933-ல் அவர் கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். படிக ஆராய்ச்சியில் பேர்பெற்ற கேத்லீன் லான்ஸ்டேலும் அவரும் 1936-ல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். 1940-ல் எஃப்.ஆர்.எஸ்.

அந்த அளவைகளில் என்ன தெரிந்தது? நம் ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. ஐந்து அறையிலும் ஆளுக்கொருவர் இருந்தால் அயனி உருண்டை மாதிரி, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான். மாங்கனஸ் உப்புப் படிகத்தில் திசை வித்தியாசம் மிகமிகச் சிறியது. அவ்வளவு சிறியதையும் அந்த நார் காட்டியது என்பது வேறு விஷயம். ஃபெரஸிலோ ஆறாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் யாரோடு ஜோடி சேருவது? சுற்றி நிற்கும் ஆறு நீர் மூலக்கூறுகள் அமைக்கிற மின்புலத்தில் மூன்று அறைகள் தாழ்ந்தும் இரண்டு உயர்ந்தும் பிரிகின்றன. ஆறாமவருக்குத் தாழ்ந்த மூன்றில் ஒன்று. அந்த மூன்றில் எது என்பதைப் படிகத்தின் கோணல்மாணல்தான் தீர்மானிக்கும். அதனால் அயனிக்கு முகம் என்று ஒன்று வந்துவிடுகிறது. ஒரு திசையில் ஒரு இழுப்பு, மறு திசையில் வேறு இழுப்பு.

படிகத்துக்குள் மின்புலம் மட்டங்களைப் பிரிக்கும் என்று 1929-ல் பெத்தே கணக்குப் போட்டிருந்தார். அமெரிக்காவில் வான் விளெக் அதை வைத்துக் காந்தவியலைக் கட்டிக்கொண்டிருந்தார். 1977-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. அந்தக் கணக்கு நிஜப் படிகத்துக்குப் பொருந்துகிறதா என்று உரசிப் பார்க்க டாக்காவிலும் கல்கத்தாவிலும் தொங்கிய இந்தப் படிகங்கள் பெரிதும் உதவின. என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: நம் பாடத்திட்டத்தில் 'படிகப்புலக் கொள்கை' என்று வருகிற அத்தியாயத்தில் கிருஷ்ணன் பெயர் இல்லாதிருப்பது ராமன் விளைவில் அவர் பெயர் இல்லாததைவிடப் பெரிய குறை. முன்னதில் அவர் யாருக்கும் இரண்டாவது ஆள் இல்லை.

நிறத்துக்கும் அந்த ஆறாமவரே பொறுப்பு. அவர் தன் சுழற்சியை மாற்றாமல் மேலறைக்குத் தாவலாம். அந்தத் தாவலில் ஒளியின் சிவப்புப் பக்கம் கொஞ்சம் பறிபோகிறது, நமக்கு வெளிர் பச்சை தெரிகிறது. ஃபெர்ரிக்கின் ஐந்து பேரில் யார் தாவினாலும் சுழற்சியை மாற்றியாக வேண்டும். அதற்கு அனுமதி அநேகமாக இல்லை. ஆகவே ஃபெர்ரிக் ஆலம் ஏறக்குறைய நிறமற்று, லேசான ஊதாச் சாயையோடு இருக்கும். "அப்படின்னா துரு ஏன் சார் சிவப்பு? தேரி மண் ஏன் சிவப்பு?" என்று ஒரு நல்ல மாணவி எழுந்து கேட்பாள். ஆக்ஸிஜனின் எலக்ட்ரான் இரும்பின் பக்கம் தாவுவதும், பக்கத்துப் பக்கத்து இரும்புகள் ஒன்றையொன்று பாதிப்பதும் அங்கே வேலை செய்கின்றன. பர்மாங்கனேட்டின் ஊதாவும் ஆக்ஸிஜனிலிருந்து தாவுகிற வகைதான். அதில் மாங்கனீஸுக்கென்று ஒரு 3டி எலக்ட்ரான்கூடக் கிடையாது.

கிருஷ்ணன் 1942-ல் அலகாபாத் போனார். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1954-ல் பத்மபூஷண். பட்நாகர் பரிசு முதன்முதலில் வழங்கப்பட்டபோது, 1958-ல், அவருக்குத்தான் கொடுத்தார்கள். 1961-ல் காலமானார். கடைசிவரை தமிழிலக்கியத்தில் ஊறியவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை. கூய் தராசு இருக்கிற ஆய்வுக்கூடம் கிடைத்தால் மோர் உப்பைத் தூளாக்கிக் குழாயில் அடைத்து நிறுத்துப் பாருங்கள். பல இடங்களில் அந்தத் தராசைச் சரிபார்க்கும் படிக்கல்லே மோர் உப்புதான். அப்படியானால் பாதரச கோபால்ட் தயோசயனேட்டை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாய்பாடு 4.90 என்று சொல்லும். உங்களுக்கு அது வராது, பெரும்பாலும் 5.3-க்கும் 5.5-க்கும் நடுவில் நிற்கும். எடையில் தப்பு, ஈரம் ஏறிவிட்டது என்று ரெக்கார்டில் எழுதி, விடையை 4.90-க்கு இழுத்துவிடாதீர்கள். அடுத்ததாக ஃபெர்ரிக் ஆலத்தை நிறுங்கள். அது 5.9-இல் ஒழுங்காக வந்து நிற்கும். தராசு ஒன்று, கை ஒன்று, ஐந்துக்குச் சரியாக வருகிறது, ஆறுக்கு மட்டும் கூடுதலாக வருகிறது. அந்தக் கூடுதல்தான் ஆறாமவரின் சுற்றுப்பாதை முழுக்க அடங்காமல் விட்டுவைத்த மிச்சம். வத்திராயிருப்புக்காரர் நாரில் தொங்கவிட்டுத் திசை திசையாக அளந்ததும் அதையேதான்.